ரெண்டுங்கெட்டான் வேகம் வேண்டாம்: செட்டிநாட்டில் இருந்துகொண்டே 5, 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தயாராக ஒரு வழிகாட்டி

5 கி.மீ. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒரு சாரார், "சின்ன ஓட்டம்தானே, வேகமா ஓடிப் பழகினா போதும்" என்று தினமும் மூச்சு முட்ட ஓடுவார்கள். இன்னொரு சாரார், "நான் தினம் எட்டு கிலோமீட்டர் ஓடுறேன், அஞ்சு எம்மாத்திரம்" என்று அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். முதல் வகைக்கு ஆறாவது வாரத்தில் கெண்டைக்காலோ முழங்காலோ பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வகைக்கு வலி வராது, வேகமும் வராது.

5 கி.மீ. ஓட்டத்தில் செலவாகும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்சிஜனை வைத்து உடல் தயாரிப்பதுதான். அதை வளர்ப்பது மெதுவான நீள ஓட்டம். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் கால் சொன்னபடி கேட்க வேண்டும் என்றால் வேகப் பயிற்சி வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒன்றை ஒன்று கெடுக்காமல் எப்படி வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. கணக்கு 12 வாரத்துக்கு. இப்போதே நிற்காமல் 3 கி.மீ. மெதுவாக ஓட முடிகிறவர்களுக்கு இது பொருந்தும். முடியாதவர்கள் நடையும் ஓட்டமுமாக ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள்.

1. முதலில் தேதி, தாள், பணம்

பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சென்னையில் சனவரித் தொடக்கத்தில் நடக்கும் பெரிய மாரத்தானில் 10 கி.மீ. பிரிவும் உண்டு. அதற்குப் போவதென்றால் அக்டோபர் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் மழையில் போகும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் பெயரும் எண்ணும், பனியன் அளவு. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். ஆதாரில் முதலெழுத்து பின்னால் இருந்து, பதிவில் முன்னால் இருந்தால் பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்குமிடத்தில் வீணாக நிற்க நேரும். வயதை அநேகமாகப் பந்தய நாளன்று எத்தனை என்றுதான் கணக்கிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பதிவு செய்கிறவர்கள் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். சிறிய ஊர்ப் பந்தயங்களில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், பெருநகரப் பந்தயங்களில் 10 கி.மீ. பிரிவுக்கு ஆயிரத்தைத் தாண்டலாம். முன்கூட்டிக் கட்டுகிறவர்களுக்குக் குறைவு. கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது, பெயர் மாற்றவும் விடமாட்டார்கள். பயிற்சியின் மூன்றாவது வாரம் முடிந்தபின் கட்டுவது புத்திசாலித்தனம். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஆறு மாதம் முன்னால் கட்டிவிட்டுப் போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பிப் பந்தயத்துக்கு முந்தைய நாளில்தான் பெரும்பாலும் கிடைக்கும், ஓட்டத்தன்று காலையில் தரமாட்டார்கள். வேறொருவர் வாங்கப் போனால் உங்கள் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் அட்டையின் நகல், அவருடைய அசல் அட்டை மூன்றும் வேண்டும். சென்னை என்றால் காலையில் காரைக்குடியில் கிளம்பும் பல்லவன் ரயில் மதிய வாக்கில் எழும்பூர் சேர்ந்துவிடும், பிப் வாங்க நேரம் இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. சனவரி முதல் வாரம் விடுமுறைக் கூட்டம், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு ஷூ ஒன்றுதான். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். காரைக்குடியில் அளவு கிடைக்காவிட்டால் மதுரையோ திருச்சியோ போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், இணையத்தில் அளவை ஊகிக்காதீர்கள். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். இந்தப் பயிற்சி முழுக்கச் சேர்த்தாலும் 400-ஐத் தாண்டாது, ஒரு ஜோடியே போதும். கைக்கடிகாரத்துக்குப் பல ஆயிரம் கொட்ட வேண்டியதில்லை. அளந்த இடமும் சாதாரண ஸ்டாப்வாட்சும் இருந்தால் வேகப் பயிற்சிக்கு அதுவே மேல்.

2. இன்றைய உங்கள் வேகம் எவ்வளவு?

ஆசைப்படும் வேகத்தை வைத்துப் பயிற்சி போடாதீர்கள். ஒரு காலை, பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, 5 கி.மீ. தூரத்தை முடிந்தவரை ஒரே சீராக ஓடி நேரத்தைக் குறியுங்கள்.

உதாரணத்துக்கு 32 நிமிடம் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. இந்த ஓர் எண்ணிலிருந்து மற்ற எல்லாம் வரும்:

400 மீட்டர்: 2 நிமிடம் 34 வினாடி
800 மீட்டர்: 5 நிமிடம் 7 வினாடி
டெம்போ வேகம் (மூன்று, நான்கு சொல்தான் ஒரு மூச்சில் வரும் வேகம்): கி.மீ.க்கு 20 வினாடி கூட்டி, அதாவது 6:44
நீள ஓட்டம்: கி.மீ.க்கு 75 முதல் 105 வினாடி கூட்டி, அதாவது 7:40 முதல் 8:10 வரை

10 கி.மீ. எவ்வளவு வரும் என்று தெரிய, 5 கி.மீ. நேரத்தை இரண்டால் பெருக்கி மூன்று நிமிடம் கூட்டுங்கள்: 67. நீள ஓட்டமே பழகாதவருக்கு இது 70-ஐயும் தொடும். அந்த இடைவெளிதான் உங்களிடம் எது குறைகிறது என்று சொல்லும்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து எண்களை மாற்றுங்கள். நடுவில் மாற்றாதீர்கள்.

3. ஓடும் இடம்

நீள ஓட்டத்துக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்து ஊர்ச்சாலைகள் விடியுமுன் காலியாகத்தான் இருக்கும். சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டு. தலையில் கட்டும் விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் வேண்டும். தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடிச் சாலையில் விடிய விடிய நடப்பார்கள், அந்த வாரம் வேறு பாதை பாருங்கள்.

செம்மண் சரளைப் பாதை முழங்காலுக்கு நல்லது. ஆனால் ஓரத்தில் சீமைக் கருவேலம். அதன் முள் ஷூ அடிப்பாகத்தின் நுரையில் ஏறி, தலை மட்டும் முறிந்து, உள்ளேயே நின்றுவிடும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, நுரை அமுங்கும்போது, நுனி மெல்ல வெளியே வந்து பாதத்தைக் குத்தும். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி போலத் தெரிந்தால் ஊசியால் கிளறி, புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்துவிடலாம். காலில் ஆழமாகக் குத்திவிட்டால் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசியுங்கள்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். கடித்தால், பல் பட்டுச் சிராய்த்தால்கூட, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டாக வேண்டும்.

வேகப் பயிற்சிக்கு அளந்த இடம் வேண்டும். கல்லூரி மைதானம் என்றால் உடற்கல்வி இயக்குநருக்கு ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் கொடுத்து அனுமதி கேளுங்கள். எந்த நேரம், எத்தனை பேர் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். போட்டி நடக்கும் நாட்களில் விடமாட்டார்கள். டிராக் எத்தனை மீட்டர் என்று விசாரியுங்கள், எல்லா மைதானமும் 400 இல்லை. 400 மீட்டர் டிராக்கிலும் உள்வரிசைதான் 400. எட்டாவது வரிசையில் ஒரு சுற்று 453 மீட்டர். ஓரமாக ஓடிவிட்டு "இன்னைக்கு நேரமே வரலையே" என்று மனம் நொந்து போகிறவர்கள் உண்டு.

மைதானம் கிடைக்காதவர்களுக்குச் செட்டிநாட்டுத் தெருக்களே போதும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வீடுகள் நீண்டு கிடப்பதால் பக்கச் சுவர் ஓரமாகப் போகும் சந்து நேராக, குறுக்குத் தெரு இல்லாமல் இருக்கும். சைக்கிள் சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, சக்கரத்தின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து, உருட்டிக்கொண்டே சுற்றுகளை எண்ணுங்கள். சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் 95 சுற்று ஏறக்குறைய 200 மீட்டர் வரும். ஊரணிக் கரையும் நல்ல இடம்தான். ஆனால் பல ஊரணிகள் சதுரம். மூலையில் சடாரென்று திரும்பும்போது வெளிப்பக்கக் கணுக்காலில் பாரம் விழும். பாதிப் பயிற்சிக்குப் பின் எதிர்த் திசையில் சுற்றுங்கள்.

4. நீள ஓட்டம்: பேச முடிய வேண்டும்

ஞாயிறு விடியற்காலை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சிரைக்காமல் பேச முடிய வேண்டும். "நாளைக்குச் சந்தையில என்ன வாங்கணும்னு வீட்டுல கேட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர்கள் வாய்விட்டே சொல்லிப் பாருங்கள், கேட்பதற்கு அந்நேரம் யாரும் இருக்கமாட்டார்கள்.

5 கி.மீ. பந்தயத்துக்கு 6 கி.மீ. நீள ஓட்டத்தில் தொடங்கி 10 வரை போனால் போதும். 10 கி.மீ. பந்தயத்துக்கு 8-இல் தொடங்கி 13, 14. வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நான்காவது வாரம் கால் பங்கு குறையுங்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைப் பாருங்கள்: 90 நிமிடம் ஆனதும் எந்த கிலோமீட்டரில் இருந்தாலும் போதும். ஒரு ஞாயிறு ஓட்டம் அந்த வார மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிறன்று 12 ஓடுவது பயிற்சி ஆகாது.

இங்கேதான் அந்த ரெண்டுங்கெட்டான் வேகம் வந்து நிற்கும். 7:50-இல் ஓட வேண்டியவர், முன்னால் யாரோ போவதைப் பார்த்து 6:55-க்கு ஏறிவிடுவார். உடம்புக்கு அது நீள ஓட்டமும் இல்லை, வேகப் பயிற்சியும் இல்லை. களைப்பு மட்டும் வேகப் பயிற்சியின் அளவுக்கு வரும். செவ்வாய்க்கிழமை கால் கனக்கும், இன்டர்வல் (வேகமாக ஒரு தூரம், நடுவில் மெதுவோட்டம், மறுபடி வேகம் என்று மாற்றி மாற்றி ஓடுவது) கெடும். கெட்டுப்போன இன்டர்வலுக்கு ஈடாக வியாழன் வேகமாக ஓடுவார். அடுத்த ஞாயிறு நீள ஓட்டமும் போச்சு. குழுவாக ஓடுகிறவர்கள் அன்றைக்கு மிக மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விட்டுப் பின்னால் போங்கள்.

5. வேகப் பயிற்சி: அளவோடு

முதல் நான்கு வாரம் இன்டர்வல் கிடையாது. வியாழன் மெதுவோட்டத்தின் முடிவில் ஸ்ட்ரைட்ஸ் மட்டும்: 20 வினாடி வேகமாக, தோளும் தாடையும் தளர்வாக, பின் ஒரு நிமிடம் நடை, மொத்தம் ஆறு. முழு வேகத்தில் பறக்க வேண்டாம், பத்தில் எட்டு. கால் வேகமாகச் சுழலப் பழகத்தான் இது, மூச்சு வாங்குவதற்கு இல்லை.

ஐந்தாம் வாரம் முதல் செவ்வாய்தோறும் ஒரு வேகப் பயிற்சி. அளவு இதுதான்: வேகமாக ஓடும் தூரம் வார மொத்தத்தில் 8 முதல் 10 சதவீதம். வாரம் 30 கி.மீ. ஓடுகிறவருக்கு 2.4 முதல் 3 கி.மீ. அதாவது ஆறு 400, அல்லது மூன்று 1000. இணையத்தில் பார்த்துப் பன்னிரண்டு 400 போடுகிறவர்கள் வாரம் 70 கி.மீ. ஓடுகிறவர்கள். அவர்கள் கணக்கு உங்களுக்கு ஆகாது.

5-ஆம் வாரம்: 400 மீட்டர் ஆறு, நடுவில் 200 மீட்டர் மெதுவோட்டம்
6-ஆம் வாரம்: 15 நிமிட டெம்போ
7-ஆம் வாரம்: 800 மீட்டர் மூன்று, நடுவில் மூன்று நிமிடம் மெதுவோட்டம்
8-ஆம் வாரம்: ஸ்ட்ரைட்ஸ் மட்டும், சனியன்று 5 கி.மீ. மறு அளவு, மறுநாள் நீள ஓட்டம் இல்லை
9-ஆம் வாரம்: 20 நிமிட டெம்போ
10-ஆம் வாரம்: 1000 மீட்டர் மூன்று, நடுவில் மூன்று நிமிடம்
11-ஆம் வாரம்: 5 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு 400 ஆறு, 10 கி.மீ. ஓடுகிறவர்களுக்குப் பந்தய வேகத்தில் 2 கி.மீ. இரண்டு முறை

முன்னால் 2 கி.மீ. மெதுவோட்டம், பின்னால் ஒன்றரை. இரண்டையும் விடக் கூடாது. டெம்போ என்பது மூன்று, நான்கு சொல்தான் ஒரு மூச்சில் வரும் என்ற நிலை.

பெரிய பொறி முதல் சுற்று. 2:34-இல் ஓட வேண்டியதை 2:15-இல் ஓடிவிட்டு, ஐந்தாவது சுற்றில் 2:50-க்கு வந்து நிற்பார்கள். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் மூன்று வினாடிக்குள் இருந்தால்தான் அன்றைய பயிற்சி தேறியது. கடைசியில் "இன்னும் ஒண்ணு ஓடலாம் போல இருக்கே" என்று தோன்றினால் அதோடு நிறுத்திவிடுங்கள், அதுதான் சரியான அளவு.

6. வாரத்தில் எதை எங்கே வைப்பது

திங்கள்: ஓய்வு
செவ்வாய்: வேகப் பயிற்சி, முன்பின் சேர்த்து 7 கி.மீ.
புதன்: மெதுவாக 4
வியாழன்: மெதுவாக 5, கடைசியில் ஸ்ட்ரைட்ஸ்
வெள்ளி: ஓய்வு
சனி: மெதுவாக 4
ஞாயிறு: நீள ஓட்டம், தூரம் உச்சத்துக்கு வரும் வாரத்தில் 10

மொத்தம் 30. கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள் சனி ஓட்டத்தை விட்டுவிடலாம், குடி முழுகாது. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: நீள ஓட்டத்துக்கும் வேகப் பயிற்சிக்கும் நடுவில் குறைந்தது 48 மணி நேரம்.

நம் ஊரில் கல்யாண வீடுகள்தான் அட்டவணையைக் கவிழ்க்கும். சனி இரவு விருந்து, ஞாயிறு முகூர்த்தம் என்றால் நீள ஓட்டம் திங்கள் காலைக்குப் போகும். அப்போது வேகப் பயிற்சி வியாழனுக்குப் போக வேண்டும், செவ்வாய் ஓய்வு. மழையில் போன இன்டர்வலுக்கும் இதே விதி: வியாழனுக்குள் வைக்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் அந்த வாரம் அதை மறந்துவிடுங்கள். விட்டதை அடுத்த வாரக் கணக்கில் சேர்த்து ஓடுவதைப் போல ஆபத்து வேறில்லை. ஒரு வாரத்தில் ஒன்றுதான் முடியும் என்றால், முதல் எட்டு வாரத்தில் நீள ஓட்டத்தையும் கடைசி நான்கில் வேகப் பயிற்சியையும் காப்பாற்றுங்கள்.

7. வெயில், தண்ணீர், சாப்பாடு

சித்திரை, வைகாசியில் பயிற்சி செய்கிறவர்கள் ஆறரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். புழுக்கம் அதிகமான நாளில் கி.மீ.க்கு 15 முதல் 30 வினாடி மெதுவாகத்தான் வரும். கடிகாரத்தோடு சண்டை போடாமல் மூச்சை வைத்து ஓடுங்கள். வெயிலில் ஓடும்போது உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலுக்குப் போய்க் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழப்பம் தெளியாவிட்டால் 108.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் தேவைப்படாது, முன்னும் பின்னும் குடித்தால் போதும். அதற்கு மேல் என்றால் அரை லிட்டர் கையில் இருக்கட்டும். வந்தபின் உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஓ.ஆர்.எஸ். கலக்கினால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்தால் தாகமும் வாந்தியும்தான் வரும். வீட்டில் செய்ய: ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

நீள ஓட்டத்துக்கு முந்தைய இரவு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் மாதிரி. மிளகு தூக்கலான வறுவலை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் தகும்.

8. வலி வந்தால்

முன்னங்காலெலும்பு வலித்தால் விரல் நுனியால் எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் வேகப் பயிற்சியை ஒரு வாரம் நிறுத்தி, தூரத்தைப் பாதியாக்குங்கள். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீரென்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை அன்றோடு நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், "படத்துல ஒண்ணுமில்லை" என்றதும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது.

9. கடைசிப் பத்து நாள்

கடைசி நீள ஓட்டம் பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு, வழக்கமானதில் பாதித் தூரம். பந்தய வாரம் செவ்வாயன்று 400 மீட்டர் மூன்று, பந்தய வேகத்தில், அவ்வளவுதான். வியாழன் 3 கி.மீ. மெதுவாக. இந்த வாரத்தில் புது ஷூ, புது சாக்ஸ், புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். பந்தயத்தில் கொடுக்கும் பனியனையும் அன்றே போட்டு ஓடாதீர்கள், துவைக்காத துணி அக்குளை அறுத்துவிடும்.

பிப்பை முந்தின இரவே நான்கு ஊக்கில் நெஞ்சில் குத்தி வையுங்கள். நேரம் பதியும் சிப் பெரும்பாலும் அதன் பின்புறம்தான் இருக்கும், மடக்கினால் பதியாமல் போகலாம். ஒரு மணி நேரம் முன்னால் இடத்துக்குப் போங்கள், கழிவறை வரிசையே அரை மணி. சிப் உங்கள் நேரத்தைக் கோட்டைத் தாண்டியதிலிருந்துதான் எண்ணும், முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டியதில்லை. முதல் கிலோமீட்டரை உங்கள் வேகத்தைவிட ஐந்து வினாடி மெதுவாக ஓடுங்கள். பாதிப் பேர் உங்களை முந்திப் போவார்கள், நான்காவது கிலோமீட்டரில் அவர்களில் பலரைப் பார்ப்பீர்கள்.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். நேரம் இணையத்தில் வந்ததும் சான்றிதழை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பந்தயத்தில் முன்வரிசைப் பிரிவு கேட்க அதுதான் ஆதாரம். ஊர் திரும்பப் பிற்பகல் பல்லவன் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பெட்டிக்குள் நடக்கத் தோதாக ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுங்கள். அடுத்த நான்கு நாள் நடை மட்டும், பத்து நாளுக்கு இன்டர்வல் கிடையாது.